எட்டு மணி நேரக் கணக்கு: நார்த்வெஸ்ட் 650 நிகழ்வு பற்றிய ஆய்வு

1990 மார்ச் 8, வியாழக்கிழமை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ஃபார்கோ நகரிலிருந்து காலை ஆறரை மணியளவில் புறப்பட்ட நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் 650ஆம் எண் விமானம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்துக்குப் பின் மினியாபொலிஸ் நகரில் பத்திரமாகத் தரையிறங்கியது. மூன்று எஞ்சின்கள் கொண்ட போயிங் 727 அது. வழியில் கோளாறு எதுவும் இல்லை. பயணிகளில் ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. ஆனால் அதை ஓட்டிவந்த தலைமை விமானி, துணை விமானி, விமானப் பொறியாளர் ஆகிய மூவரும் மினியாபொலிஸில் இறங்கியவுடன் கைது செய்யப்பட்டார்கள். குடிபோதையில் பயணிகள் விமானத்தை ஓட்டியதற்காக அமெரிக்காவில் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்ட முதல் விமானிகள் இவர்களே.

விபத்தே நடக்காத பயணத்தை ஏன் ஆராய வேண்டும் என்று கேட்கலாம். விபத்து நடந்துவிட்டால் பனியா, எஞ்சினா, மதுவா என்று பல காரணங்கள் ஒன்றோடொன்று கலந்து, மதுவின் பங்கு எவ்வளவு என்பதே வழக்காடும் பொருளாகிவிடுகிறது. இங்கே அந்தக் குழப்பம் இல்லை. விதி என்ன சொன்னது, அதை யார் மீறினார்கள், யாருக்கெல்லாம் அது முன்கூட்டியே தெரிந்திருந்தது, தெரிந்தும் விமானம் எப்படிக் கிளம்பியது என்ற கேள்விகள் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. இவற்றுள் கடைசிக் கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முந்தைய நாள் மாலையிலிருந்து தொடங்குவோம். ஃபார்கோவுக்கு வந்து சேர்ந்த மூவரும் இரவு தங்கி மறுநாள் விடியற்காலை விமானத்தை எடுத்துச் செல்ல வேண்டும். ஃபார்கோவுக்கு எதிர்க்கரையில், ரெட் ஆற்றைத் தாண்டினால் மினசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட் நகரம். அங்கிருந்த ஒரு மதுக்கூடத்துக்கு மூவரும் போனார்கள். தலைமை விமானி ரம்மும் கோக்கும் கலந்த கோப்பைகளைப் பதினைந்துக்கும் மேல் குடித்தார் என்பது பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தது. மற்ற இருவரும் பெரிய ஜாடிகளில் வந்த பீரைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆறு ஏழு ஜாடிகள். இளையவர்கள் இருவரும் பத்தரை மணியளவில் எழுந்துவிட, தலைமை விமானி பதினொன்றரை மணி வரை அங்கேயே இருந்தார். வெளியே வந்தவருக்குத் தங்கியிருந்த விடுதிக்கு வழி தெரியவில்லை. திரும்பி உள்ளே போய் வழி கேட்டுக்கொண்டுதான் கிளம்பினார். ஏழு மணி நேரத்தில் அவர் ஒரு ஜெட் விமானத்தை இன்னொரு நகரத்துக்கு வழி தவறாமல் கொண்டுசெல்ல வேண்டியவர்.

அந்த மதுக்கூடத்தில் இருந்த ஒருவருக்கு இவர்கள் விமானிகள் என்பதும், காலையில் பறக்கப்போகிறவர்கள் என்பதும் தெரிந்திருந்தது. அவர் தம் பெயரைச் சொல்லாமல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னார்.

அப்போது நடைமுறையில் இருந்த விதியை இங்கே விளக்கிவிடுவது நல்லது. எஃப்.ஏ.ஏ. விதி மூன்று தடைகளை ஒன்றாகக் கட்டியிருந்தது; இன்றும் அப்படியே இருக்கிறது. மது அருந்தி எட்டு மணி நேரம் ஆகாத எவரும் விமானப் பணியில் இறங்கக் கூடாது. எட்டு மணி நேரம் ஆனாலும், மதுவின் தாக்கம் நீங்காதவர் இறங்கக் கூடாது. இவை இரண்டுக்கும் மேலாக, இரத்தத்தில் மதுவின் அளவு 0.04 விழுக்காடு, அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 40 மில்லிகிராம், அல்லது அதற்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாவது தடை 1985இல்தான் சேர்க்கப்பட்டது. நார்த்வெஸ்ட் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு இன்னும் கடுமையாகப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்திருந்தது.

இந்த மூன்றில் விமானிகளின் நாவில் நின்றது முதலாவது மட்டுமே. 'எய்ட் அவர்ஸ், பாட்டில் டு திராட்டில்' என்று எதுகையோடு சொல்லிச் சொல்லி அதையே முழு விதியாக ஆக்கிவிட்டார்கள். திராட்டில் என்பது எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல். பழமொழியாகிவிட்ட விதிக்கு இருக்கும் தொல்லை இது: நாவில் ஒட்டும் பகுதி மட்டும் நினைவில் தங்கிவிடுகிறது, ஒட்டாத பகுதி காகிதத்திலேயே கிடக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து எட்டு மணி நேரத்தை எண்ண எவராலும் முடியும். தன் இரத்தத்தில் எவ்வளவு மது மிச்சம் இருக்கிறது என்று எண்ண எவராலும் முடியாது. குடித்திருப்பவரால் கொஞ்சமும் முடியாது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். மினியாபொலிஸில் தரையிறங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த பரிசோதனையில் தலைமை விமானியின் இரத்தத்தில் 0.13, விமானப் பொறியாளருக்கு 0.08, துணை விமானிக்கு 0.06 என்று அளவு வந்தது. மனித உடல் சராசரியாக ஒரு மணி நேரத்தில் 0.015 அளவு மதுவைக் கழிக்கிறது. ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும்; ஆனால் காப்பி குடிப்பதாலும் குளிர்ந்த நீரில் குளிப்பதாலும் இந்த வேகம் மாறுவதில்லை. பயண நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் பின்னோக்கிப் போனால், விமானம் ஓடுபாதையில் நின்றபோது தலைமை விமானியின் அளவு 0.17ஐ ஒட்டியும், பொறியாளரின் அளவு 0.12ஐத் தாண்டியும், துணை விமானியின் அளவு 0.10 அளவிலும் இருந்திருக்க வேண்டும். தோராயமான கணக்குதான் இது. ஆனால் அதில் எந்தப் பக்கம் தளர்வு கொடுத்தாலும் மூவரில் ஒருவரும் 0.04க்குக் கீழே வரமாட்டார்கள்.

இன்னொரு வகையிலும் பார்க்கலாம். தலைமை விமானி கடைசிக் கோப்பையைத் தொடாமல் பத்தரை மணிக்கே எழுந்து வந்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர விதி துல்லியமாக நிறைவேறியிருக்கும்; அவர் எண்ணிய வரையில் மனச்சாட்சியும் தெளிவாக இருந்திருக்கும். இரத்தத்தில் இருந்த அளவோ 0.15ஐ விட்டுப் பெரிதாக இறங்கியிருக்காது. மாலை முழுவதும் பதினைந்து கோப்பை குடித்த ஒருவர் 0.04க்குக் கீழே இறங்கிவர மறுநாள் பிற்பகல் ஆகிவிடும். நிறுவனம் சொன்ன பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் அவர் அந்த அளவுக்குக் கீழே இறங்கியிருக்க மாட்டார். குறைவாகக் குடிப்பவருக்கு எட்டு மணி நேரம் தேவைக்கு அதிகம். அளவின்றிக் குடிப்பவருக்கு அது எதற்கும் போதாது. விதி யாருக்காக எழுதப்பட்டதோ அவரை அது தொடவே இல்லை.

இனி அந்தக் காலை. தொலைபேசித் தகவலின் பேரில் எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர் ஒருவர் விடியுமுன் ஃபார்கோ விமான நிலையத்துக்கு வந்து, விமானக் குழுவினரைச் சந்தித்து, புகார் வந்திருப்பதையும் அவர்களிடம் சொன்னார். அவர்களிடமிருந்து மது வாடை வீசியதை அவர் உணர்ந்தார். ஆனால் அவரிடம் மூச்சுப் பரிசோதனைக் கருவி இல்லை. வாசலில் நிறுத்திவைக்கும் அதிகாரம் தமக்கு எதுவரை உண்டு என்பதும் அவருக்குத் தெளிவாக இல்லை. அடுத்து என்ன செய்வதென்று அவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் விமானம் கிளம்பிவிட்டது. பிறகு மினியாபொலிஸுக்குச் செய்தி போய், விமானம் இறங்கும் இடத்தில் அதிகாரிகள் காத்திருந்தார்கள்.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரம் கோப்பைகளின் எண்ணிக்கையில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட இந்த அரை மணி நேரம்தான் திகிலூட்டுகிறது. தகவல் வந்திருக்கிறது, தகவல் சரியானது, அதிகாரி நேரில் வந்துவிட்டார், வாடையும் அடிக்கிறது. சந்தேகம் இருக்கும்போது பயணிகள் பக்கம் சாய வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அளவை மீறக் கூடாது என்று 1985இலேயே விதி செய்தவர்கள், அந்த அளவை வாசலில் நின்று யார், எதைக் கொண்டு, எப்படி அளப்பது என்பதை நடைமுறையாக்காமலே ஐந்து ஆண்டுகளை ஓட்டிவிட்டார்கள்.

வழக்கு நீண்ட நாள் இழுக்கவில்லை. பொதுப் போக்குவரத்து ஊர்தியைப் போதையில் இயக்குவது கூட்டாட்சிக் குற்றம் என்ற சட்டம் 1986இல் வந்திருந்தது. 0.10 அளவு இருந்தால் போதையில் இருந்ததாகவே கொள்ளலாம் என்பது அச்சட்டத்தின் அப்போதைய நிலை. 0.04 வேலைக்கான வரம்பு, 0.10 சிறைக்கான வரம்பு. இடையில் இருந்த இடைவெளியே வழக்கறிஞர்களின் களம். தலைமை விமானி நீண்ட காலக் குடிநோயாளி என்பதால் அவர் உடல் மதுவைத் தாங்கப் பழகியிருந்தது, ஆகவே அந்த அளவிலும் அவர் செயலாற்றல் குன்றவில்லை என்று அவர் தரப்பு வாதாடியது. பலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். மருத்துவ நோக்கில் அதில் பாதி உண்மை இருக்கிறது. பழகிய குடிகாரர் தள்ளாடாமல் நடப்பார், குழறாமல் பேசுவார். ஆனால் எதிர்பாராதது நேரும்போது எடுக்க வேண்டிய முடிவின் வேகத்தையும் தெளிவையும் பழக்கம் மீட்டுத் தருவதில்லை. விமானிக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த எதிர்பாராத நிமிடத்துக்காகத்தான். நடுவர் குழு 1990 ஆகஸ்டில் மூவரையும் குற்றவாளிகள் என்றது. அக்டோபரில் நீதிபதி ஜேம்ஸ் ரோசன்பாம் தலைமை விமானிக்குப் பதினாறு மாதமும் மற்ற இருவருக்கும் பன்னிரண்டு மாதமும் சிறை விதித்தார். வேலையும் உரிமங்களும் அதற்கு முன்பே போயிருந்தன.

ஃபார்கோவில் ஒரு வெளியாள்தான் தொலைபேசியை எடுத்தார் என்பதை மறக்காமல் மற்ற சில நிகழ்வுகளையும் பார்க்க வேண்டும். 1977 ஜனவரி 13 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து உயிருள்ள மாடுகளை ஏற்றிக்கொண்டு டோக்கியோ நோக்கிக் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.-8 சரக்கு விமானம், எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து, அதிலிருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். தலைமை விமானியின் இரத்தத்தில் 0.29 விழுக்காட்டுக்கும் மேல் மது இருந்தது. அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்ட டாக்சி ஓட்டுநர், அவர் நிலையைக் கண்டு கவலைப்பட்டுத் தம் நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தார். டாக்சிக்காரருக்குத் தெரிந்தது, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில், தலைமை விமானி பறக்க முயல்வதை உடனிருந்த குழுவினர் தடுக்காததையும் விபத்துக்கு உதவிய காரணமாகக் குறித்தது. அந்த ஒரு வரி 1970களிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஃபார்கோ நிகழ்ந்தது அந்த விபத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.

பின்லாந்தில் 1961 ஜனவரி 3 அன்று வாசா நகரத்துக்கு அருகே விழுந்த டி.சி.-3 விமானத்தில் இரு விமானிகளுமே போதையில் இருந்தார்கள். இருபத்தைந்து பேரும் மாண்டார்கள். ஒருவரை ஒருவர் தடுப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட இருவரும் ஒரே மேசையில் குடித்தவர்களாகிவிட்டால், இரண்டு விமானிகள் என்ற பாதுகாப்பு ஒன்றாகக்கூட மிஞ்சுவதில்லை. ஃபார்கோவில் மூன்று பேர்.

உடனிருப்பவர் ஏன் பேசுவதில்லை என்பதற்குக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது நியாயமாகாது. தலைமை விமானிக்கு எதிராக வாய் திறப்பது அக்காலத்து விமானி அறைகளில் எளிதான காரியம் அல்ல. அதோடு, வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவரின் பிழைப்பே போய்விடும் என்பதும் தெரியும். 'உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒதுக்குப்புறமாகச் சொல்லிவிடலாம். பலர் அப்படிச் சொல்லியும் இருப்பார்கள். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர் அடுத்த வாரம் மீண்டும் குடிப்பார். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் விமானிகள் சங்கமும் நிறுவனங்களும் எஃப்.ஏ.ஏ.வும் சேர்ந்து 1970களிலேயே ஹிம்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தன. குடிநோயை ஒப்புக்கொள்கிற விமானி சிகிச்சை பெற்று, நீண்ட காலக் கண்காணிப்புக்கு உட்பட்டு, மீண்டும் பறக்க வரலாம். ஆயிரக்கணக்கானோர் இவ்வழியே திரும்பியிருக்கிறார்கள். ஒருவரைக் காட்டிக்கொடுப்பது அவரைக் காப்பாற்றுவதாகவும் இருக்க முடியும் என்ற நிலை இருந்தால்தான் சக ஊழியரின் நாக்கு எழும்.

சட்டமும் நகர்ந்தது. ஆனால் அதை முடுக்கியது விமானம் மட்டுமல்ல. 1991 ஆகஸ்டில் நியூயார்க்கின் யூனியன் ஸ்கொயர் நிலையத்தருகே சுரங்க ரயில் தடம் புரண்டு ஐந்து பேர் இறந்தார்கள், ஓட்டுநர் குடித்திருந்தார். அதே ஆண்டு போக்குவரத்து ஊழியர் பரிசோதனைச் சட்டம் நிறைவேறி, 1995 முதல் விமானிகளுக்கும் முன்னறிவிப்பற்ற மதுப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. அளவு 0.02ஐத் தொட்டாலே அன்றைய பணியிலிருந்து விலக்க வேண்டும் என்ற நடுப்படியும் அதில் சேர்ந்தது. 2002 ஜூலையில் மியாமியில் அமெரிக்கா வெஸ்ட் நிறுவனத்தின் இரு விமானிகளிடம் மது வாடை வீசுவதைப் பயணிகள் சோதனைச் சாவடியின் ஊழியர்கள் கவனித்துச் சொன்னபோது, வாயிலிலிருந்து நகரத் தொடங்கிவிட்ட விமானமே திருப்பி அழைக்கப்பட்டது. ஃபார்கோவின் அந்த ஆய்வாளருக்குக் கிடைக்காத துணிவு இது. இங்கும் கவனித்தவர்கள் வெளியாட்களே என்பதைச் சொல்லிக்கொண்டு மேலே போகிறேன்.

இந்தியா வேறு வழியில் போயிற்று. பறப்பதற்கு முன் பன்னிரண்டு மணி நேரம் மது கூடாது. அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். பணிக்கு வரும் விமானிகள் பிரீத் அனலைசரில் ஊதிவிட்டே விமானத்துக்குப் போக வேண்டும். முதல் முறை சிக்கினால் மூன்று மாதமும், இரண்டாம் முறை மூன்று ஆண்டும் உரிமம் இடைநிறுத்தப்படும்; மூன்றாம் முறை ரத்தாகும். மது கலந்த மவுத்வாஷைப் பயன்படுத்துவதற்கும் 2023இல் தடை வந்தது. ஆண்டுதோறும் சிக்குகிறவர்களின் பட்டியல் செய்தியாக வரும்போது நம் விமானிகள் மற்ற நாட்டினரைவிட அதிகம் குடிக்கிறார்கள் என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். எல்லோரையும் ஊதச் சொல்லும் நாட்டில் எண்ணிக்கை கூடுதலாகத்தான் தெரியும். அந்த ஏற்பாட்டின் நன்மை, சக ஊழியரின் துணிவையோ மதுக்கூடத்து அந்நியரின் பொறுப்புணர்ச்சியையோ நம்பி நிற்காதது. அதன் குறை, குழாயில் ஊதும் நிமிடத்தில் பூஜ்யம் காட்டுகிற குடிநோயாளியை அதனால் அடையாளம் காண முடியாதது.

நார்த்வெஸ்ட் 650இன் தலைமை விமானி லைல் ப்ரௌஸ், முன்னாள் மரீன் படை விமானி. கைதான உடனேயே சிகிச்சைக்குச் சேர்ந்து குடியை விட்டார். சிறையிலிருந்து வந்தபின், பறிபோன உரிமங்களை முதல் படியிலிருந்து ஒவ்வொன்றாக மீண்டும் எழுதி, ஓட்டிக் காட்டிப் பெற்றார். நார்த்வெஸ்ட் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1998இல் அவர் 747 விமானத்தின் தலைமை விமானியாக ஓய்வு பெற்றார். அவருக்குத் தண்டனை விதித்த அதே நீதிபதி மன்னிப்புக் கோரிக்கையை ஆதரிக்க, 2001 ஜனவரியில் அதிபர் பில் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். இப்படி ஒருவரை மீண்டும் பயணிகளோடு பறக்கவிட்டது சரியா என்று கேட்டால், கண்காணிப்பில் இருந்த அந்த ப்ரௌஸின் பின்னால் உட்கார எனக்குத் தயக்கம் இருந்திருக்காது என்பேன். எவரும் கேள்வி கேட்காத ஆண்டுகளில் அவர் ஓட்டிய விமானங்கள்தான் என்னை யோசிக்கவைக்கின்றன.

2018 அக்டோபர் 28 மாலை, லண்டன் ஹீத்ரோவிலிருந்து டோக்கியோ செல்லவிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் துணை விமானி, நிறுவனத்தின் சொந்த மூச்சுப் பரிசோதனையைத் தாண்டி விமானத்துக்கு வந்துவிட்டார். அவருடன் பறக்க வேண்டிய தலைமை விமானிகள் இருவர். ஊழியர்களை ஏற்றிவந்த பேருந்தின் ஓட்டுநர் வாடையை உணர்ந்து காவலரிடம் சொன்னார். பிரிட்டனில் விமானிக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 மில்லிகிராம். அவரிடம் இருந்தது 189. அவருக்குப் பத்து மாதச் சிறை கிடைத்தது. விமானம் மீதமிருந்த இருவரோடு 69 நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.